தென்னாட்டு ஆசானும் கொரிய மாணாக்கரும்

சேத்துப்பட்டிலிருந்து வந்தவாசி வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர் காஞ்சி மாநகரை அடைவர். அங்கிருந்து சென்னைப் பெருவழியில் மேலும் சென்றால், திருப்பெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டார் நிறுவிய பெரிய கார்த் தொழிற்சாலை ஒன்றைக் காணலாம். 1998ஆம் ஆண்டு முதல் அங்குக் கார்கள் உருவாகி வருகின்றன. அதனை ஒட்டிக் கொரிய மக்கள் பலர் நம் நாட்டில் வந்து தங்கியுள்ளனர். அவர்தம் குழந்தைகளும் தந்தையை 'அப்பா' என்றே அழைப்பதைக் கேட்டு வியந்து, இரு நாட்டிற்கும் பழந்தொடர்பு உண்டு என்று கூறுவார் பலர். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு நாட்டுதல் அறிஞர்க்கு உடன்பாடன்று. ஆயினும், மாணவர்களே, எழுத்துச் சான்றுடைய தொடர்பு ஒன்று உண்டு. அது காஞ்சியோடு தொடர்புடைய ஓர் ஆசிரியரையும், கொரியாவிலிருந்து கல்வி நாடிப் புறப்பட்ட ஓர் இளைஞரையும் பற்றியது.

அவ்வாசிரியர் வச்சிரபோதி என்னும் பௌத்தத் துறவியார். அவர் தென்னாட்டினர் என்றும், இளமையில் நாளந்தாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்றும் சீன நூல்கள் கூறும். காஞ்சியில் மழை பொய்த்து மக்கள் வாடியபோது, பல்லவ மன்னன் வேண்ட, இவர் மழை வேண்டி வழிபாடு செய்தார் என்றும் அந்நூல்கள் உரைக்கின்றன. அம்மன்னன் கைலாசநாதர் கோயிலைக் கட்டுவித்த இராசசிம்மன் ஆவான். இரண்டாம் நரசிம்மவர்மன் என்பதும் அவன் பெயரே. சைவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய ஓர் அரசன் பௌத்தத் துறவியை நாடினான் என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். பின்னர் வச்சிரபோதியார் இலங்கைக்கும், சுமத்திராத் தீவிலிருந்த சிரீவிசயத்திற்கும் சென்று, கி.பி. 719ஆம் ஆண்டளவில் சீன நாட்டின் தென்கடல் துறைமுகமாகிய குவாங்சௌ நகரை அடைந்தார். மறு ஆண்டு பல்லவன் அனுப்பிய தூதுவரும் சீனப் பேரரசனின் அவையை எய்தினர்.

அக்காலத்தே கொரியாவின் பெரும்பகுதியைச் சில்லா என்னும் அரசு ஆண்டுவந்தது. அந்நாட்டிற் பிறந்த ஹியேச்சோ என்னும் இளந்துறவி கல்வி வேட்கையால் சீனம் சென்று வச்சிரபோதியாரின் மாணாக்கரானார். ஆசிரியரிடம் பாடம் கேட்டதோடு அவர் உள்ளம் அமையவில்லை. புத்தர் பிறந்த நாட்டைத் தம் கண்ணாற் காண விழைந்து, 723ஆம் ஆண்டளவில் கடல் வழியாகப் புறப்பட்டார். அந்நாளில் கடற்பயணம் காற்றையும் உயிரையும் நம்பிய பயணம். வழியில் மாண்டோர் பலர்.

இந்தியாவில் அவர் நடந்து திரிந்த நிலப்பரப்பு மிகப் பெரிது. புத்தர் மறைந்த குசிநகரம், காசி முதலிய இடங்களைக் கண்டார். பாரத நாட்டைக் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு, நடு என ஐந்து இந்தியாக்களாகப் பகுத்துக் கூறுதல் சீன மரபு. அவற்றை அவர் நேரிற் கண்டு எழுதிய குறிப்பே அவர் நூலாயிற்று. புண்ணியத் தலங்களை மட்டும் போற்றிவிட்டு அவர் அமையவில்லை. மக்கள் எதை உண்கின்றனர், எதில் சமைக்கின்றனர், குற்றம் செய்தவரை அரசன் என் செய்கிறான், குடிகள் எவ்வளவு இறை செலுத்துகின்றனர் என்பவற்றையெல்லாம் வினவி எழுதினார். இங்கே பனியும் உறைபனியும் இல்லை, செடிகொடிகள் எப்போதும் பசுமையாக உள்ளன என்பது குளிர்நாட்டினராகிய அவருக்கு வியப்பாயிற்று. அரிசி, பால், தயிர், வெண்ணெய் ஆகியவற்றை மக்கள் உண்பதையும், இரும்புக் கலமின்றி மட்கலத்திலேயே சோறு சமைப்பதையும் குறித்துள்ளார். அரசன் முன்னிலையில் மக்கள் அமர்ந்து தத்தம் வழக்கை உரத்த குரலில் எடுத்துரைக்க, அவன் சினவாது கேட்டுத் தீர்ப்புச் சொல்வான் என்றும், குற்றத்திற்குத் தண்டமாகப் பொருளே கொள்வர், சிறையும் அடியும் இல்லை என்றும் எழுதினார். யாண்டும் அப்படியே இருந்திருக்குமோ என்னும் ஐயம் நமக்கு எழுவது இயல்பே. விருந்தினர் கண்ணுக்கு வீட்டின் நல்ல பக்கமே முதலில் தோன்றும். எனினும், வழிப்பறி செய்வோர் இருந்ததையும் அவர் மறைத்திலர். அவர்கள் பொருளைப் பறித்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவர் என்று எழுதியுள்ளார்.

நடுநாட்டிலிருந்து தெற்கே மூன்று திங்கள் நடந்து அவர் அடைந்த தென்னாடு, தக்கணத்துச் சாளுக்கிய நாடு என்பர் ஆய்வாளர். தென்னாட்டுச் சிற்றூர் மக்களின் பேச்சு மட்டும் ஏனைய பகுதிகளினின்றும் வேறுபட்டது என அவர் குறித்தமை மொழியாராய்ச்சி செய்வோர்க்கு விருந்தாகும். அங்கு வந்த வேற்று நாட்டார் ஒருவர், அரசவை மொழியோடு நில்லாது உழவர் பேச்சுக்கும் செவி கொடுத்தாரல்லவா? அவர் கூர்மைக்கு இது சான்று.

அத்தென்னாட்டில்தான் அவரை வீட்டு நினைவு வருத்தியது. நிலவு ஒளிரும் ஓரிரவில் தாயகத்தை எண்ணி அவர் பாடிய பாட்டு ஒன்று நூலில் உள்ளது. தம் ஊருக்கு ஓலை கொண்டு செல்வார் எவருமிலரே என்னும் ஏக்கம் அப்பாட்டின் உயிர். முகிலையும் அன்னத்தையும் தூதுவிட்ட புலவர் மரபில் வந்த நமக்கு அவ்வேக்கம் அயலாகத் தோன்றாது. வடநாட்டு விகாரம் ஒன்றில் மற்றொரு செய்தியும் அவர் காதில் விழுந்தது. அங்குக் கற்றுத் தேர்ந்த சீனத் துறவி ஒருவர், ஊர் திரும்பும் நேரத்தில் நோயுற்று இறந்தாராம். முன்பின் அறியாத அவருக்காகவும் ஹியேச்சோ இரங்கற்பா ஒன்று பாடினார். தமக்கும் அந்நிலை நேரலாம் என்று அவர் எண்ணியிருப்பார் போலும்.

திரும்பும்போது அவர் நிலவழியையே மேற்கொண்டார். காசுமீரம், காந்தாரம், பாமியான் ஆகியவற்றைக் கடந்து, பனி மூடிய பாமீர் மலைகளை ஏறியிறங்கி, 727ஆம் ஆண்டில் நடு ஆசியாவின் கூச்சா நகரை அடைந்தார். நம் ஆரணிப் பகுதியில் இன்று தறியேறும் பட்டின் கலை முதலில் தோன்றிய நாடு சீனமே. அப்பட்டு மேலை நாடுகளுக்குச் சென்ற பெருவழியிலேதான் இம்மாணவர் எதிர்த்திசையில் நடந்து வந்தார்.

733ஆம் ஆண்டு முதல் சீனத் தலைநகராகிய சாங்கானில் ஹியேச்சோ மீண்டும் தம் ஆசிரியரிடம் பயின்றார். 740இல் இருவரும் வடமொழி நூல் ஒன்றைச் சீனத்தில் பெயர்க்கத் தொடங்கினர். ஆசிரியர் பொருள் சொல்ல, மாணவர் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டே வச்சிரபோதியார் மறைந்தார். ஒருவர் தென்னாட்டினர், மற்றவர் கொரியர், இருவர்க்கும் பிறமொழியாகிய சீனத்தில் அவர்கள் பணி நடந்தது. ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு சென்றபின், 780இல், முதியவராகிய ஹியேச்சோ ஊதாய் மலையில் அமர்ந்து அந்நூலை மீண்டும் எழுதினார். தாயகத்திற்கு அவர் திரும்பவே இல்லை.

அவர் பயண நூலும் மறைந்துபோயிற்று. 1908ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பால் பெல்லியோ, சீனத்தின் துன்ஹுவாங் குகையில் அடைத்துக் கிடந்த பல்லாயிரம் சுவடிகளை ஆராய்ந்தார். அவற்றுள் தலையும் காலும் இழந்த சுருள் ஒன்று இருந்தது. நூற்பெயரில்லை, ஆசிரியர் பெயருமில்லை. பழைய சீனச் சொற்பொருள் நூல் ஒன்று ஹியேச்சோவின் நூலிலிருந்து அருஞ்சொற்களை எடுத்துப் பொருள் கூறியிருந்தது. அச்சொற்கள் அச்சுருளிலும் இருத்தலைக் கண்டே பெல்லியோ நூலை இன்னதென்று துணிந்தார். உரையாசிரியர்கள் எடுத்தாண்டமையால் மட்டுமே பெயரறியப்படும் தமிழ் நூல்கள் எத்தனை! அருஞ்சொற்பொருள் எழுதுவதை அலுப்பான வேலை என்று எண்ணும் மாணவர் எவரேனும் உளராயின், அவர் இச்செய்தியை நினைவிற் கொள்வாராக. 1915இல் தக்காகுசு என்னும் சப்பானிய அறிஞர், இந்நூலாசிரியர் சில்லா நாட்டினர் என்றும், வச்சிரபோதியாரின் மாணாக்கர் என்றும் காட்டினார்.

அச்சுருள் இன்று பாரிசு நகரிலுள்ள பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு இறுதியில் கொரியத் தலைநகராகிய சியோலில் நிகழ்ந்த கண்காட்சிக்கு அதனை இரவலாகத் தந்தனர். கூச்சாவை அடைந்து 1283 ஆண்டு கழித்து, அவர் எழுத்து முதன்முறையாகத் தாயக மண்ணை அடைந்தது. கொரிய மக்கள் திரண்டு வந்து கண்டனர். சிலகாலம் அங்கிருந்தபின் அது மீண்டும் பாரிசுக்கே சென்றது.