காட்டுக்குள் ஒரு காமிரா

பெங்களூர் பெரிய நகரம். நகரத்தை ஒட்டியே பன்னேர்கட்டா காடு இருக்கிறது. மைசூரைத் தாண்டிப் போனால் பந்திப்பூர் காடு வரும். அங்கே யானையும் புலியும் வாழ்கின்றன.

இப்படிப்பட்ட காடுகளைத் தேடிப் போய்ப் படம் பிடித்தவர் டி.என்.ஏ. பெருமாள். அவர் ஒரு தமிழர். 1932-இல் பிறந்தார். பெங்களூரில் வாழ்ந்தார். ஓ.சி. எட்வர்ட்ஸ் என்பவர் அவருக்கு ஆசான். இங்கிலாந்தில் உள்ள ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி அவரைப் பாராட்டிப் பட்டம் கொடுத்தது. 2017-இல் அவர் காலமானார்.

பெருமாள் தொழில் கற்ற காலத்தில் காமிராவுக்குள் பிலிம் போட வேண்டும். ஒரு சுருளில் 36 படம்தான். எடுத்த படம் நன்றாக இருக்கிறதா? உடனே பார்க்க முடியாது. ஊர் திரும்பி, இருட்டு அறையில் பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். நான்கு நாள் காட்டில் கிடந்து எடுத்த படம் மங்கலாகவும் இருக்கலாம். மறுபடியும் காட்டுக்குத்தான் போக வேண்டும்!

பறவையைப் படம் எடுப்பது எப்படி? துணியால் சிறு கூடாரம் கட்டுவார்கள். அதில் ஓர் ஓட்டை வைப்பார்கள். அதன் வழியாகக் காமிரா பார்க்கும். உள்ளே மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். கொசு கடித்தாலும் அடிக்கக் கூடாது. ஆள் உள்ளே போவதைப் பறவை பார்த்துவிட்டால் கூட்டுக்கு வராது. அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு பேர் உள்ளே போவார்கள். ஒருவர் மட்டும் வெளியே வந்து நடந்து போய்விடுவார். பறவை பெரும்பாலும் ஏமாந்துவிடும். எல்லாரும் போய்விட்டார்கள் என்று நம்பிக் கூட்டுக்கு வரும்.

யானையிடம் இந்தத் தந்திரம் பலிக்காது. யானைக்குக் கண் பார்வை குறைவு. ஆனால் மோப்பம் அதிகம். நம் பக்கமிருந்து யானை நிற்கும் பக்கம் காற்று வீசினால் ஆபத்து. அதனால் காடு தெரிந்தவர்கள் முதலில் ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றைப் பார்ப்பார்கள். படம் பிறகுதான்.

1972-இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையை உடைப்பதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

காமிராக்காரருக்கும் இங்கே ஒரு சோதனை உண்டு. கூட்டை ஒரு கிளை மறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வெட்டினால் படம் தெளிவாக விழும். ஆனால் நிழல் போய்விடும். குஞ்சு வெயிலில் வாடும். காக்கையின் கண்ணுக்கும் கூடு தெரிந்துவிடும். வெட்டலாமா? நல்ல படக்காரர் வெட்ட மாட்டார். கிளையை மெல்ல வளைத்து நூலால் கட்டுவார். படம் எடுத்ததும் அவிழ்த்து விடுவார். தாய்ப்பறவை வரத் தயங்கினால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முட்டை ஆறிப்போனால் குஞ்சு பொரிக்காது.