மங்கிய அரங்கில் ஓடும் உருவம்: லென்ஸ் தேர்வும் இயற்பியலும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

முன்னுரை

சென்ற கல்வியாண்டில் கல்லூரிகளுக்கிடையே நடைபெற்ற மகளிர் இறகுப்பந்துப் போட்டிக்கு நம் அணியுடன் நானும் சென்றிருந்தேன். ஆடுவதற்கு அன்று, படம் எடுப்பதற்கு. நண்பர் ஒருவரின் கேமரா என் கையில் இருந்தது. போட்டி தொடங்குமுன் மூன்றாமாண்டு அக்கா ஒருவர் என்னிடம் வந்து, "நான் ஆடி எங்க அப்பா ஒரு நாளும் பார்த்ததில்லை தம்பி. வீட்டில் மாட்டுவதற்கு நல்லதா ஒரு படம் எடுத்துக் கொடு" என்றார். நானும் தலையாட்டினேன்.

அன்று நூற்று நாற்பது படங்கள் எடுத்தேன். இரவில் கணினியில் போட்டுப் பார்த்தபோது நெஞ்சம் சோர்ந்துவிட்டது. வலையின் கண்கள் தெளிவாக இருந்தன. சுவர்க் கடிகாரத்தின் முள்கூடத் தெளிவாக இருந்தது. ஆனால் அந்த அக்கா மட்டும் எல்லாப் படத்திலும் வெள்ளைப் புகையாக இருந்தார். அவர் இப்போது படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அந்த ஆட்டம் இனித் திரும்பி வராது.

தவறு என்னுடையதா, கேமராவினுடையதா, லென்ஸினுடையதா என்ற கேள்வி பல நாள் என்னை விடவில்லை. நாம் வகுப்பில் படிக்கும் ஒளியியலே இதற்கு விடை கூறுகிறது என்பதைப் பின்னரே கண்டுகொண்டேன். அதனை ஈண்டு காண்போம்.

எஃப் எண் என்பது யாது?

லென்ஸின் மீது இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று குவியத்தூரம், மற்றொன்று எஃப் எண். குவியத்தூரத்தை ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண் ஆகும். 50 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸின் எஃப் எண் 1.8 எனில், அதன் துளை ஏறக்குறைய 28 மி.மீ. விட்டமுடையது என்று பொருள். எனவே எஃப் எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது என்பதை மறத்தலாகாது. புதிதாகக் கற்போர் தடுமாறும் முதல் இடம் இதுவே.

துளையின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. ஆகவே பிம்பத்தின் மீது விழும் ஒளி, எஃப் எண்ணின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் அமையும். 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று அந்த எண்கள் செல்வதன் காரணமும் இதுதான். இவ்வரிசையில் ஒரு படி ஏறினால் ஒளி பாதியாகக் குறையும். 5.6 இலிருந்து 2.8 க்கு இறங்கினால் நான்கு மடங்கு ஒளி கிடைக்கும், 1.8 க்கு இறங்கினால் ஒன்பதரை மடங்கிற்கும் சற்று மேலாகக் கிடைக்கும்.

கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18 முதல் 55 மி.மீ. வரையிலான லென்ஸின் எஃப் எண் ஒன்றாக இராது. 18 இல் 3.5 ஆக இருப்பது, 55 க்கு நீட்டும்போது 5.6 ஆகிவிடும். தொலைவிலுள்ளதை அருகே கொணர்வதற்காக நாம் நீட்டுகிறோம். நீட்டும்போதே எஃப் எண் கூடி ஒளியை இழக்கிறோம். அன்று நான் செய்தது இதைத்தான்.

படமே கூறும் கணக்கு

டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஒவ்வொரு படத்தினுள்ளும், அது எப்படி எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். என் படங்களில் எஃப் எண் 5.6, ஷட்டர் திறந்திருந்த நேரம் ஒரு வினாடியில் 80 இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. எண் 3200 என்று இருந்தது. படம் சரியான வெளிச்சத்துடன் பதிவாகியிருந்தால், இவற்றைக் கொண்டே அரங்கின் ஒளியைத் தோராயமாகக் கணக்கிடலாம். எஃப் எண்ணின் இருமடியை 250 ஆல் பெருக்கி, அதனை ஷட்டர் நேரத்தாலும் ஐ.எஸ்.ஓ. எண்ணாலும் வகுக்க வேண்டும். விடை 196 லக்ஸ். நண்பகல் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அரங்கம் நமக்கு வெளிச்சமாகத் தோன்றுகிறது. கேமராவுக்கோ அது ஐந்நூறு மடங்கு இருட்டு.

இனி, உருவம் எவ்வளவு கலங்கியது என்று பார்ப்போம். ஆட்டக்காரர் எட்டு மீட்டர் தொலைவில் வினாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் குறுக்காக ஓடுகிறார் எனக் கொள்வோம். 55 மி.மீ. லென்ஸில் அவரது பிம்பம் உணரியின் மீது வினாடிக்கு 27.5 மி.மீ. நகரும். 80 இல் ஒரு பங்கு வினாடியில் 0.34 மி.மீ. நகர்ந்துவிடும். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 23.5 மி.மீ. அகலமுள்ள உணரியின் படத்தை 15 செ.மீ. அகலத்திற்குப் பெரிதாக்கி அச்சிட்டால், அந்த நகர்வு 2.2 மி.மீ. ஆகிவிடுகிறது. கண்ணும் மூக்கும் ஒன்றோடொன்று கலந்துவிட அதுவே போதும். கையில் பிடித்துப் பார்க்கும் படத்தில் கலக்கம் கால் மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும்.

எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தால், அதே ஒளியில் ஷட்டர் நேரத்தை 800 இல் ஒரு பங்காகக் குறைத்திருக்கலாம். கலக்கம் ஏறத்தாழ 0.22 மி.மீ. அளவிற்கு இறங்கியிருக்கும். மட்டையை வீசும் மணிக்கட்டு உடலைவிடப் பன்மடங்கு வேகமானது; அது சிறிது கலங்கத்தான் செய்யும். அதனால் குறையில்லை, ஆட்டத்தின் வேகத்தை அதுவே உணர்த்தும். முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

மூன்று தவறான நம்பிக்கைகள்

நண்பர்கள் பலரிடம் இதுபற்றி உரையாடியபோது, மூன்று எண்ணங்கள் பரவலாக இருப்பதை அறிந்தேன்.

முதலாவது, ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினால் போதும் என்பது. அவ்வெண் ஒளியைப் பெருக்குவதில்லை; பதிவான சைகையை மட்டுமே பெருக்குகிறது. ஒளித்துகள்கள் மழைத்துளி போல ஒழுங்கின்றி வந்து விழுகின்றன. ஓரிடத்தில் சராசரியாக 100 துகள்கள் விழுமாயின் அதில் 10 என்ற அளவில் ஏற்றத்தாழ்வு இருக்கும். 400 விழுமாயின் 20. அதாவது நான்கு மடங்கு ஒளி வந்தால் படத்தின் தூய்மை இரு மடங்காகிறது. ஒளி குறைந்தால் புள்ளி புள்ளியாக மணல் தூவியதுபோல் தோன்றும். எனினும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். மணல் தூவிய படத்தில் ஆளை அடையாளம் காணலாம். கலங்கிய படத்தில் காண இயலாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவதே மேல்.

இரண்டாவது, அதிர்வைத் தாங்கும் வசதியுள்ள லென்ஸ் இருந்தால் போதும் என்பது. அவ்வசதி நம் கையின் நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். எதிரே ஓடுபவரை நிறுத்தி வைக்க அதனால் இயலாது. என் படங்களில் வலை தெளிவாகவும் ஆள் புகையாகவும் இருந்ததன் மர்மம் இதுவே.

மூன்றாவது, ஃப்ளாஷ் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம் என்பது. இறகுப்பந்து ஆடுபவர் மேல்நோக்கிப் பார்த்து ஆடுகிறார். கணநேர வெளிச்சம் அவர் கண்ணைப் பறித்துவிடும். ஒரு படத்திற்காக ஒருவரின் ஆட்டத்தைக் கெடுப்பது முறையன்று.

எந்த ஆட்டத்திற்கு எந்த லென்ஸ்?

துளைக்கு அடுத்தபடியாகக் கருத வேண்டியது குவியத்தூரம். நமக்கும் ஆட்டக்காரருக்கும் உள்ள தொலைவை உணரியின் அகலத்தால் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால், படத்தில் அடங்கும் பரப்பின் அகலம் கிடைக்கும். 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் உள்ள உணரியைக் கொண்டு சில கணக்குகளைக் கீழே தருகிறேன்.

1. இறகுப்பந்து: ஆடுகளம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். எட்டு மீட்டரில் நின்று 50 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால், 3.8 மீட்டர் உயரமும் 2.5 மீட்டர் அகலமும் அடங்கும். மட்டையை உயர்த்தி எம்பும் ஒருவர் முழுமையாக அதில் அடங்குவார். பன்னிரண்டு மீட்டரில்தான் நிற்க இடம் கிடைக்கும் எனில் 85 மி.மீ. பொருந்தும்.

2. கபடி: மகளிர் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். பாடிச் செல்பவரையும் வளைத்துப் பிடிப்பவர்களையும் ஒருசேரக் காட்ட வேண்டும். ஆறு மீட்டரில் 35 மி.மீ. லென்ஸ் நான்கு மீட்டர் அகலத்தைக் காட்டும். பலர் ஒரே படத்தில் வருவதால் மிகப் பெரிய துளை சில நேரம் இடையூறாகவும் அமையும்.

3. கூடைப்பந்து: களம் 28 மீட்டர் நீளமுடையது. கூடையின் கீழிருந்து எடுக்க 35 அல்லது 50 மி.மீ. போதும். எதிர்க்கூடையின் ஆட்டத்தையும் எடுக்க வேண்டுமெனில், எங்கும் மாறாத எஃப் 2.8 கொண்ட 70 முதல் 200 மி.மீ. லென்ஸ் தேவைப்படும்.

பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் இக்கடைசி வகையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர். நகராமல் நின்ற இடத்திலிருந்தே அண்மையையும் சேய்மையையும் எடுக்கலாம் என்பது அதன் சிறப்பு. ஆயினும் அதன் விலை மிக அதிகம், எடையும் மிகுதி. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ அதைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. அது எஃப் 2.8 லென்ஸைவிட 2.4 மடங்கு ஒளியையும் தருகிறது. நீட்டவும் சுருக்கவும் முடியாது என்பதுதான் அதற்கு ஈடாக நாம் கொடுப்பது. நம் கால்களால் நடந்து அக்குறையைப் பெரும்பாலும் நிரப்பிவிடலாம்.

பெரிய துளையின் இடர்கள்

பெரிய துளைக்கு ஒரு தண்டனையும் உண்டு. தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் பத்து மீட்டர் தொலைவில் அந்த ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஐந்து மீட்டரிலோ கால் மீட்டர்தான். முகத்தில் குவியப்படுத்தாமல் வலையில் குவியப்படுத்திவிட்டால் படம் வீண். மேலும், துளையை முழுதும் திறக்கும்போது லென்ஸின் ஓரங்கள் வழியே வரும் கதிர்கள் ஒரே புள்ளியில் குவிவதில்லை. இதுவே நாம் பாடத்தில் படிக்கும் கோளப்பிறழ்ச்சி. எஃப் 1.8 லென்ஸை 2 அல்லது 2.2 இல் வைத்தால் தெளிவு கூடுவதைக் காணலாம்.

இன்னொன்று விளக்குகளின் துடிப்பு. நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுகள் உடையது. ஆகவே பழைய சோக் பொருத்திய குழல்விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் நேரம் மிகக் குறையும்போது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருண்டும் வருவது இதனால்தான். இத்துடிப்பை உணர்ந்து, ஒளி உச்சத்தில் இருக்கும்போது ஷட்டரைத் திறக்கும் கேமராக்கள் 2014 ஆம் ஆண்டு முதல் வந்துள்ளன.

ஒளியைத் தேடியவர்கள்

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 1840 ஆம் ஆண்டில் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்னும் கணிதப் பேராசிரியர், எஃப் 3.6 அளவுள்ள லென்ஸைக் கணக்கிட்டு வடிவமைத்தார். அதுவரை நெடுநேரம் அசையாது அமர வேண்டியிருந்த மனிதர்களின் துன்பம் அதனால் பெரிதும் குறைந்தது. 1924 இல் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் கேமரா எஃப் 2 லென்ஸுடன் வெளிவந்தது. எரிக் சாலமன் என்பவர் அதனை மறைத்து எடுத்துச் சென்று, நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாட்டு அறைகளிலும் ஃப்ளாஷ் இன்றியே படம் எடுத்துப் புகழ்பெற்றார். அன்று அரிய பொருளாக இருந்த அந்த எஃப் 2 துளையைவிடப் பெரியது, இன்று மாணவர் வாங்கும் விலையில் கிடைக்கிறது.

காலம் அறிந்து அழுத்துதல்

லென்ஸ் வாங்க வழியில்லாதவர் என் செய்வது? இயற்பியல் இங்கும் கைகொடுக்கிறது. மேல்நோக்கி எறியப்பட்ட பொருளின் வேகம் உச்சியில் சுழியாகும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 40 செ.மீ. உயரம் எம்பும் ஒருவர் வினாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் தரையை விட்டுக் கிளம்புகிறார். அவர் காற்றில் இருப்பது 0.57 வினாடி. உச்சிக்கு முன்னும் பின்னும் பத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் அவரது வேகம் ஒரு மீட்டரைத் தாண்டுவதில்லை. அதாவது, காற்றில் இருக்கும் நேரத்தில் மூன்றிலொரு பங்கு அவர் ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கிறார்! அக்கணத்தில் ஷட்டரை அழுத்தக் கற்றுக்கொண்டவருக்கு அரங்கம் நான்கு மடங்கு வெளிச்சமானதற்குச் சமம்.

முடிவுரை

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அன்று என்னிடமிருந்த அதே லென்ஸை 55 க்கு நீட்டாமல் 18 இல் வைத்திருந்தால் எஃப் எண் 3.5 ஆக இருந்திருக்கும். நடுவரிடம் கேட்டுக்கொண்டு, பக்கக் கோட்டிற்கு வெளியே மூன்று மீட்டர் அருகில் சென்று நின்றிருக்கலாம். ஐ.எஸ்.ஓ. எண்ணை 6400 ஆக்கியிருக்கலாம். ஷட்டர் நேரம் 400 இல் ஒரு பங்காகியிருக்கும். அவர் எம்பும் உச்சியில் அழுத்தியிருந்தால் கலக்கம் 0.1 மி.மீ. அளவில்தான் இருந்திருக்கும். ஆகவே தவறு லென்ஸினுடையது அன்று. நல்ல லென்ஸ் என் வேலையை எளிதாக்கியிருக்கும். ஆனால் அறிந்திருந்தால் அது இல்லாமலும் அந்தப் படத்தை எடுத்திருக்கலாம். ஒளியியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிய நான், அதே ஒளியியலை அரங்கத்திற்குக் கொண்டு செல்லவில்லை.

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கி நம் ஆய்வகத்தில் வைக்கலாம். குவியத்தூரம், பிறழ்ச்சி, துளை ஆகியவற்றைச் செய்முறையில் காட்ட அது பயன்படும். போட்டி நாட்களில் அரங்கத்திற்கும் செல்லும். நம் கல்லூரிக்காக ஆடும் மாணவியர் பலரின் ஆட்டத்தை அவர்தம் பெற்றோர் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அவர்கள் வீட்டுச் சுவரில் தெளிவான ஒரு முகம் தொங்குமாயின், நாம் படித்த பாடம் பயன்பட்டது என்று மகிழலாம் அன்றோ?