அணிலும் கரிக்குருவியும்

கரிச்சான், இரட்டைவால் குருவி, வலியன் என்று ஊருக்கொரு பெயர் பெற்ற கரிக்குருவியையும் அணிலையும் அறியாத குடியானவர் இல்லை. இரண்டிற்கும் புராணப் பெருமை உண்டு. அணில் சேது கட்ட மணல் சுமந்தது என்பர்; கரிக்குருவி மதுரையில் இறைவனிடம் உபதேசம் பெற்றதாகத் திருவிளையாடற் புராணம் கூறும். எனினும் மக்களின் அன்பெல்லாம் அணிலுக்கே போய்விட்டது. விளைச்சல் கணக்கைப் பார்த்தால் இது நியாயமன்று.

அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. எதையேனும் கொறித்துத் தேய்த்தாக வேண்டும். கொய்யா, மாதுளை, கொக்கோ ஆகியவற்றில் நாம் காணும் சேதத்திற்கு இதுவும் ஒரு காரணம். கொக்கோவில் அது பெரும்பாலும் பழுத்த காயையே நாடுவதால், பழுத்தவுடன் பறித்துவிட்டால் இழப்பு வெகுவாகக் குறையும். கொய்யாவிற்கும் மாதுளைக்கும் உறை கட்டலாம். நஞ்சு வைப்பது தகாது. அது கோழிக்கும் நாய்க்கும் எமனாகும்.

கரிக்குருவியோ தானியத்தைத் தொடுவதில்லை. மின்கம்பியிலோ மேயும் மாட்டின் முதுகிலோ அமர்ந்து காத்திருக்கும். பூச்சி எழுந்ததும் பாய்ந்து பற்றிக்கொண்டு, பெரும்பாலும் பழைய இடத்திற்கே திரும்பும். ஏரோ டிராக்டரோ உழும்போது பின்தொடர்ந்து, மண்ணிலிருந்து வெளிப்படும் புழுக்களைப் பொறுக்கும். வெட்டுக்கிளி, வண்டு, அந்துப்பூச்சி யாவும் அதற்கு இரை. முட்டையிடுமுன் ஒரு பெண் அந்துப்பூச்சி பிடிபட்டால், நூற்றுக்கணக்கான காய்ப்புழுக்கள் பிறவாமலே ஒழிந்தன என்க. தன் கூட்டை நெருங்கும் காக்கையையும் பருந்தையும் அது விரட்டியடிப்பதால், புறாவும் மாங்குயிலும் அதன் அருகே கூடு கட்டுவதுண்டு. தேனீ வளர்ப்போர் மட்டும் இதனை விரும்பார். தேனீயையும் அது விட்டுவைப்பதில்லை.

அமர இடமில்லாத வெட்டவெளி வயலில் இப்பறவை வேட்டையாட இயலாது. ஆகவே பயறு வயல்களில் குறுக்குக்கட்டை கட்டிய கழிகளைப் பயிரைவிட உயரமாக நடுதல் நலம். ஹெக்டேருக்கு 50, அதாவது ஏக்கருக்கு 20 என்பது வேளாண் வல்லுநர் கூறும் அளவு. சோளம், கம்பு வயல்களில் மணி பிடிக்கும் தருணத்தில் கழிகளை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் பறவைகள் வந்தமரும். பூச்சி கண்ணில் படுமுன்னரே மருந்து தெளிக்கும் வழக்கம் குருவியின் இரையை ஒழிக்கிறது. நஞ்சுண்ட பூச்சியைத் தின்று குருவியும் மடியக்கூடும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இதில் வேலை உண்டு. கரிக்குருவி மரக்கிளையின் கவையில் சிறு கூடு கட்டி, மூன்று நான்கு முட்டைகளே இடும். பங்குனி முதல் ஆடி வரை அதன் கூடு கட்டும் காலம். ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கிளை கழிக்கும் வேலையை அம்மாதங்களில் வைத்துக்கொள்ளாமல் ஆவணிக்குப் பின்னர்த் தள்ளிவைக்கலாம்.