புக்கித் தீமா வட்டப்பாதையில் மிதிவண்டிப் பயணம்

சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்று புக்கித் தீமா. அதன் உயரம் ஏறக்குறைய 164 மீட்டர். பிற நாட்டு மலைகளோடு ஒப்பிட்டால் இது சிறியதே. ஆனால், அந்தக் குன்றின் காட்டைச் சுற்றிச் செல்லும் மலை மிதிவண்டிப் பாதையை எவரும் எளிதாக எண்ணிவிட முடியாது. ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் செங்குத்தான ஏற்றங்களும் இறக்கங்களும் மாறி மாறி வரும். மரவேர்கள் படிக்கட்டுகளைப் போலக் குறுக்கே கிடக்கும். சில இடங்களில் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். பூங்கா இணைப்புப் பாதையில் மிதிவண்டி ஓட்டிப் பழகியவருக்கு இது முற்றிலும் வேறான அனுபவம்.

சவால் நிறைந்த இப்பாதை அழகும் நிறைந்தது. 1883ஆம் ஆண்டிலேயே புக்கித் தீமா பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1854ஆம் ஆண்டில், ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் இங்கு வந்தார். சிங்கப்பூரில் அவர் சில மாதங்களிலேயே ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றுள் பெரும்பாலானவை புக்கித் தீமா காட்டிலிருந்து கிடைத்தவை. 2011இல் இவ்வனப்பகுதி ஆசியான் மரபுடைமைப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. நகரத்தின் நடுவே இத்தகைய காட்டைச் சுற்றி மிதிவண்டியில் செல்வது ஓர் அரிய வாய்ப்பு. அந்த வாய்ப்பை நன்கு பயன்படுத்திக்கொள்ள, திட்டமிடல் தேவை.

பாதையின் இயல்பை அறிதல்

உயர்நிலை நான்கில் பயிலும் நண்பர்கள் நால்வர் இப்பாதையில் செல்லத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். அவர்களுள் ஒருவனின் அண்ணன் மலை மிதிவண்டி ஓட்டுவதில் அனுபவம் உள்ளவர். அவரும் உடன்வரச் சம்மதிக்கிறார். அவர் கேட்கும் முதல் கேள்வி இது: "இந்தப் பாதையில பாதித் தூரம் போன பிறகு ஒருத்தருக்கு முடியலைன்னா என்ன செய்வீங்க?"

"திரும்பி வந்துடுவோம், அண்ணே" என்று ஒருவன் உடனே சொல்கிறான்.

அந்த விடையில்தான் சிக்கல் இருக்கிறது. வட்டப்பாதை தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. சென்ற வழியே திரும்ப வேண்டியதில்லை என்பதால் காட்சிகள் புதிதாக வந்துகொண்டே இருக்கும். ஆனால், பாதித் தூரத்தைக் கடந்த பிறகு திரும்பினால் தூரம் குறையாது. முன்னே செல்வதைவிடக் கூடுதல் தூரத்தையே கடக்க வேண்டியிருக்கும். ஆகையால், தொடர்வதா திரும்புவதா என்னும் முடிவைப் பாதித் தூரத்திற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், அதாவது சுமார் 2 கிலோமீட்டரில், குழு நின்று மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. போதுமான தண்ணீர் இருக்கிறதா? போதுமான நேரம் இருக்கிறதா? அனைவருக்கும் தெம்பு இருக்கிறதா? இவற்றுள் ஒன்றுக்கு "இல்லை" என்னும் விடை வந்தாலும் அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும்.

நேரத்தைக் கணக்கிடுதல்

சமதளப் பாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு 6 கிலோமீட்டர் என்பது 24 நிமிடப் பயணம். காட்டுப்பாதைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஏற்றங்களில் இறங்கி வண்டியைத் தள்ள நேரிடலாம். புதியவர்கள் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால் பயணத்திற்கு ஒரு மணி நேரமாகும். இருமுறை பத்துப் பத்து நிமிடங்கள் ஓய்வெடுக்க வேண்டும். வண்டி பழுதானால் சரிசெய்வதற்கு அரைமணி நேரத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். ஆக மொத்தம், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தேவைப்படும்.

பாதை காலை 7 மணிமுதல் மாலை 7 மணிவரை திறந்திருக்கும். சனிக்கிழமை துணைப்பாட வகுப்பு முடிந்து மாலை 5 மணிக்குப் புறப்படலாம் என்று நண்பர்கள் முதலில் எண்ணுகின்றனர். கணக்குப் போட்டுப் பார்த்தால், எதிர்பாராத தாமதத்திற்குப் போதிய நேரம் மிஞ்சவில்லை. மேலும், அடர்ந்த மரங்களுக்குக் கீழே வெளிச்சம் சீக்கிரமே மங்கிவிடும். வேர் எது, நிழல் எது என்று பிரித்தறிவது கடினமாகும். ஆகவே, பயணத்தை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றுவதே சரியான முடிவு. காலை நேரத்தில் வெப்பமும் குறைவாக இருக்கும்.

வண்டியும் உடலும்

புறப்படுவதற்கு முன் இரு பிரேக்குகளும் நன்றாகப் பிடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டயரில் காற்று மிகுதியாக இருந்தால் சக்கரம் வேர்களின்மீது துள்ளும். மிகக் குறைவாக இருந்தால் கல்லில் மோதும்போது டியூப் கிழிந்துவிடும். செங்குத்தான இறக்கங்களில் இருக்கையைத் தாழ்த்தி, உடலைச் சற்றுப் பின்னோக்கி வைத்து, இரு பிரேக்குகளையும் மெதுவாக அழுத்த வேண்டும். முன் பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் ஓட்டுபவர் முன்னே தூக்கியெறியப்படலாம். அச்சமூட்டும் இறக்கத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வது வெட்கப்பட வேண்டிய செயலன்று. அனுபவமுள்ளவர்களும் அவ்வாறு செய்வதுண்டு.

தலைக்கவசம், கையுறை, மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு, முதலுதவிப் பொருள்கள், குடிநீர் ஆகியவை கட்டாயம் தேவை. கைத்தொலைபேசியில் முழு மின்னூட்டம் இருக்க வேண்டும். அவசர மருத்துவ உதவிக்கு 995 என்னும் எண்ணை அழைக்கலாம். எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும்.

குழுவின் வேகம்

நண்பர்களுள் ஒருவனுக்கு ஒரு தயக்கம். "என்னால உங்க வேகத்துக்கு வர முடியாது. நீங்க போய்ட்டு வாங்க" என்கிறான் அவன். அவனை விட்டுச் செல்வது எளிது. ஆனால், அண்ணன் வேறு வழி சொல்கிறார். "யாரு மெதுவா ஓட்டுறாங்களோ, அவங்க வேகம்தான் குழுவோட வேகம். நான் கடைசியில வர்றேன். எனக்குப் பின்னால யாரும் இருக்கக்கூடாது."

குழுவின் கடைசியில் அனுபவசாலி வரும்போது எவரும் தனித்துவிடப்படமாட்டார். முன்னே செல்பவர் ஒவ்வொரு பிரிவிலும் நின்று மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். வழி தவறுவதும், விழுந்தவர் உதவியின்றிக் கிடப்பதும் இதனால் தவிர்க்கப்படும்.

வானமும் காடும்

சிங்கப்பூரில் இடியுடன் கூடிய மழை விரைவில் திரண்டு வரும். எனவே, புறப்படும் நாளன்று வானிலை முன்னுரைப்பைப் பார்க்க வேண்டும். மின்னல் தெரிந்து 30 விநாடிகளுக்குள் இடியோசை கேட்டால், மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிற்குள் இருக்கிறது என்று பொருள். அந்நிலையில் பயணத்தைத் தொடங்கக்கூடாது. கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடங்கள் காத்திருப்பது பாதுகாப்பானது.

மழை பெய்த பிறகும் கவனம் தேவை. ஈர மண்ணில் சக்கரங்கள் ஆழமாகப் பதியும். அந்தத் தடங்களில் மழைநீர் ஓடி மண்ணை அரிக்கும். வேர்கள் வெளியே தெரியும். சேற்றைத் தவிர்க்கப் பலரும் ஓரமாக ஓட்டினால் பாதை அகலமாகி, இளஞ்செடிகள் நசுங்கும். ஒருவர் ஓட்டியதால் என்ன கெட்டுவிடும் என்று நூறு பேர் நினைத்தால், காட்டின் ஓரம் காணாமற்போய்விடும்.

இக்காடு ஏற்கெனவே ஓர் இழப்பைக் கண்டது. 1986இல் புக்கித் தீமா விரைவுச்சாலை திறக்கப்பட்டபோது, இது பக்கத்திலுள்ள பெரிய காட்டிலிருந்து துண்டிக்கப்பட்டது. விலங்குகள் மீண்டும் இரு காடுகளுக்கும் இடையே நடமாட, 2013இல் விரைவுச்சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளமுள்ள பசுமைப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. ஒருமுறை பிரித்ததை இணைக்க எவ்வளவு காலமும் உழைப்பும் தேவைப்பட்டன என்பதற்கு அப்பாலமே சான்று. ஆகையால், மிதிவண்டிக்கென ஒதுக்கப்பட்ட பாதையைவிட்டு விலகாமல் செல்வதும், குரங்குகளுக்கு உணவு கொடுக்காமல் இருப்பதும் ஒவ்வொருவரின் கடமை.

நன்கு திட்டமிட்ட குழுவும் சில வேளைகளில் முழுச் சுற்றையும் முடிக்காமல் திரும்ப நேரிடும். பாதை அங்கேயேதான் இருக்கும். அடுத்த வாரமும் செல்லலாம். அனைவரும் நலமாக வீடு திரும்பினால் அந்தப் பயணம் வெற்றி பெற்றதாகவே பொருள்.

சிந்தித்து விடை கூறுக

1. வட்டப்பாதையில் பாதித் தூரத்திற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும் என்பது ஏன்?
2. நண்பர்கள் பயண நேரத்தை ஏன் மாற்றினர்? கணக்கிட்டு விளக்குக.
3. குழுவாகச் செய்யும் வேறு எந்தச் செயலுக்கு அண்ணன் கூறிய அறிவுரை பொருந்தும்?