தேனீயும் மலரும்: நல்லாஜீவம் பற்றிய ஒரு பாடம்

எண்வகை நெறியில் ஐந்தாவதாக நிற்பது நல்லாஜீவம். நம் விகாரைகளில் இவ்வுறுப்பைக் கற்பிக்குங்கால், அங்குத்தர நிகாயத்தில் உபாசகர்க்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிகங்களைச் சொல்லி முடித்துவிடுதல் வழக்கமாயிற்று. படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மயக்கப் பொருள், நஞ்சு ஆகியவற்றை விற்றலே அவ்வைந்து. கேட்போரும், "இவற்றுள் ஒன்றையும் நாம் செய்யவில்லையே" என மன அமைதியுடன் வீடு திரும்புகின்றனர். தோல் வேலை அப்பட்டியலில் இல்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம். அத்தொழிலைத் தீட்டென்றது சாதி. தம்மம் அவ்வாறு சொல்லவில்லை.

ஆயினும் ஐந்தை விலக்கியவுடன் பாடம் முடிந்துவிடுமா? தாராவியில் பங்கார் சரக்கைத் தரம்பிரிக்கும் அன்பரும், செம்பூரில் சிறுபட்டறை வைத்திருப்பவரும், மாட்டுங்காவில் கடை நடத்துபவரும் தம் தொழில் உலகை எந்நிலையில் விட்டுச் செல்கிறது எனக் கேட்க வேண்டாவா? இக்கேள்வியையே இம்மாதப் பாடமாகக் கொள்கிறோம்.

விநய பிடகத்துச் சுள்ளவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கோசம்பியில் உதேன மன்னனின் தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு மேலாடைகளைத் தானமளித்தனர். இத்தனை ஆடைகளைக் கொண்டு ஒரு துறவி என்ன செய்வார், வாணிகம் தொடங்குவாரோ என மன்னன் ஐயுற்று, நேரில் வந்து வினவினான். கந்தலுடுத்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் ஆனந்தர். அவர்கள் களைந்த பழையன என்னாகும்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தையுறையாகும். அதுவும் பழையதானால் தரைவிரிப்பு, பின் கால்மிதி, அதன்பின் தூசி துடைக்கும் துணி. இறுதியில் அதனையும் நறுக்கிச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்றார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் அளித்தான்.

இதனைப் படிக்குந்தோறும் நமக்குத் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டே நினைவுக்கு வருகிறது. மும்பை நகரம் வீசியெறியும் பிளாஸ்டிக் அங்கே நிறத்தாலும் வகையாலும் பிரிக்கப்படுகிறது. பின்பு அரைக்கப்பட்டு, கழுவப்பட்டு, கூரைமேல் உலர்த்தப்பட்டு, உருக்கிக் குருணையாக வெட்டப்பட்டு மீண்டும் தொழிற்சாலைக்குப் போகிறது. அட்டை, தகரம், எண்ணெய் டின் யாவும் இவ்வாறே. உலகப் பல்கலைக்கழகங்களில் இன்று சுழற்சிப் பொருளாதாரம் எனப் போதிக்கப்படுவதை எழுத்தறியாத தாய்மார்கள் இங்கே பல்லாண்டுகளாகச் செய்து வருகின்றனர். நகரம் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. அக்கடனை அது கணக்கில் எழுதியதில்லை.

எனினும் புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. ஆனந்தரின் துணி இறுதியில் தரையாகி எவரையும் வருத்தாமல் மண்ணோடு கலந்தது. பிளாஸ்டிக்கோ ஒவ்வொரு முறை உருகும்போதும் தரம் குறைகிறது. அதன் புகையை உருக்குபவரே உயிர்க்கிறார். கழுவிய நீர் சாக்கடை வழியே மித்தி ஆற்றைச் சேர்கிறது. 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, குறுகிப்போய்க் குப்பையால் அடைபட்ட அந்த ஆறு கரைமீறி நம் வீடுகளுக்குள்ளேயே வந்தது. பொருளைச் சுழற்றுகிறோம், ஆனால் ஆற்றையும் உழைப்பவர் நெஞ்சையும் தேய்த்துவிடுகிறோம். இது பாதிச் சுழற்சியே.

இனித் தேனீயைக் காண்போம். மலரின் நிறத்தையும் மணத்தையும் கெடாமல் தேனீ தேனெடுப்பதுபோல் முனிவர் ஊரில் நடக்க வேண்டுமெனத் தம்மபதம் உவமிக்கிறது. சிகாலோவாத சுத்தமும் இல்லறத்தான் பொருளீட்டும் முறைக்குத் தேனீயையே காட்டுகிறது. கெடுக்காமல் எடுத்தல் என்பதே அங்கே சொல்லப்பட்ட பொருள். இக்காலத்தார் நிலைபேறு என்று போற்றுவதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் உழவரைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார். தேனீ வந்த தோட்டம் கூடுதலாகக் காய்க்கும். எடுத்துச் செல்லும் அதே செயலால் அது மகரந்தத்தைச் சேர்த்து, மலரைக் காயாக்கிவிட்டுப் போகிறது. தொழிலும் அவ்வாறு தான் தொட்ட மண்ணையும் நீரையும் மனிதரையும் முன்னினும் வளமாக்க வேண்டுமென்னும் கருத்து இப்போது வலுப்பெற்று வருகிறது. அதனைப் புத்துயிர்ப்புத் தொழில் என்று அழைக்கலாம். அமெரிக்காவில் தரைவிரிப்பு செய்யும் இன்டர்ஃபேஸ் என்னும் நிறுவனத்தை ஓர் எடுத்துக்காட்டாகக் கூறலாம். அதன் நிறுவனர் ரே ஆண்டர்சன் 1994-இல் தம் தொழில் பூமியைச் சூறையாடுவதாக உணர்ந்து, 2020-க்குள் தீங்கைச் சுழியாக்குவோம் என உறுதி பூண்டார். அவர் மறைந்தபின் 2016-இல் அந்நிறுவனம், சுழி போதாது, காற்றில் ஏறிய கரியைத் திரும்ப இறக்கவும் முயல்வோம் என்று குறிக்கோளை மாற்றிக்கொண்டது. சொன்னதெல்லாம் நடந்ததா என்பது வேறு செய்தி. கேள்வி மாறியதே நமக்கு முக்கியம்.

இக்கேள்வி நம்மவர்க்கு அயலானதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோரும் தமிழ் இசுலாமியரும் தாராவியில் தோல் பதனிட்டனர். நம் நாட்டுப் பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. வேலை முடிய வாரக்கணக்காகும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமிய முறையைப் பரப்பினார். வாரங்கள் நாட்களாயின, ஏற்றுமதி பெருகிற்று. பாலாற்றங்கரையில் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. உப்பும் குரோமியமும் கலந்த கழிவால் ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயனற்றுப் போனதாகக் கண்டறியப்பட்டது. 1996 ஆகத்து 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பில், மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட இயற்கையை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. கெடுக்காதே என்பதைத் தாண்டி, கெட்டதைச் சீர்செய் என்று சட்டமே பேசிய இடம் அது. அப்பதனிடு சாலைகளில் வெறுங்கையோடு தொட்டியில் இறங்கியவரும், அதே பாலாற்றின் நீரைக் குடித்தவரும் பெரும்பாலும் நம்மவரே என்பதை மறத்தற்கில்லை. ஆதலின் இதனைச் செல்வர்களின் பொழுதுபோக்குப் பேச்சென்று ஒதுக்குவோருடன் நாம் உடன்படோம்.

சீர்செய்தல் கூடுமா என ஐயுறுவோர் தாராவியின் ஓரத்திலேயே சான்று காணலாம். மித்திக் கரையில் நகரக் குப்பை கொட்டப்பட்ட மேடு ஒன்றிருந்தது. 1983-இல் பறவையியலறிஞர் சலீம் அலி அங்கே ஒரு மரக்கன்று நட்டார். 1994-இல் அது மகாராட்டிர இயற்கைப் பூங்காவாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்பில் மரம், பறவை, வண்ணத்துப்பூச்சி யாவும் அங்கே வாழ்கின்றன. சோலை வைத்தோர், பாலம் கட்டியோர், கிணறு தோண்டியோர் ஆகியோரின் புண்ணியம் இரவும் பகலும் வளரும் எனச் சம்யுத்த நிகாயம் கூறுவது இதனையொத்த செயல்களையே. செம்பூருக்கு அருகே தேவனாரில் 1927 முதல் குப்பை கொட்டப்பட்ட மலையோ 2016 சனவரியில் தீப்பற்றி, அதன் புகையால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒரே நகரம், ஒரே குப்பை!

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று பட்டறைக்காரர் கேட்பார். கேள்வி நியாயமானதே. கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சத்தில் பிழைப்பவரிடம் பாலாற்றை மீட்கச் சொல்வது கொடுமை. கூடதந்த சுத்தத்தில், நாட்டில் குற்றம் பெருகியபோது உழவர்க்கு விதையும் வணிகர்க்கு முதலும் பணியாளர்க்கு ஊதியமும் கொடுக்குமாறு மன்னனுக்கு அறிவுரை கூறப்படுகிறது. முதல் இல்லாதவனிடம் அறத்தை மட்டும் கேட்பது தம்மம் அன்று. தாராவியைப் புதிதாகக் கட்டும் திட்டம் நடைபெறும் இவ்வேளையில், பங்கார் பட்டறைகளை மாசென்று ஊருக்கு வெளியே தள்ளாமல், புகைபோக்கியும் பொதுவான நீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அமைத்துத் தருக எனச் சங்கமாகச் சேர்ந்து கேட்பதே முறை.

நம் கையில் இருப்பதும் உண்டு. சிகாலனுக்குப் பகவர் வருவாயை நான்காகப் பகுக்கச் சொன்னார். ஒரு பங்கு நுகர்வுக்கு, இரு பங்கு தொழிலுக்கு, ஒரு பங்கு இடுக்கண் காலத்துக்கு. தொழிலுக்கான இரு பங்கில் பட்டறைக் காற்றையும் பணியாளர் உடலையும் சேர்த்தெண்ணலாம். வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயுற்றபோது கவனிப்பு, உரிய காலத்தில் ஓய்வு ஆகியவற்றைப் பணியாளர்க்குச் செய்யும் கடமைகளாக அச்சுத்தமே எண்ணுகிறது. கையுறை, முகக்கவசம், கழுவுநீரை வடிகட்டி மறுபடி பயன்படுத்த ஒரு தொட்டி, இவற்றோடு தொடங்கலாம். பி.வி.சி.யை மற்றவற்றோடு சேர்த்து உருக்குவதை இன்றே நிறுத்தலாம். அதிலிருந்து எழும் அமில ஆவி நுரையீரலை அரிக்கும்.

அடுத்த வகுப்புக்கு வரும் அன்பர்கள் தத்தம் தொழிலில் உள்ளே வருவது என்ன, வெளியே போவது என்ன, எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி வருவாராக. கடை வைத்திருப்போர் மட்டுமல்லர், கூலிக்குச் செல்வோரும் எழுதலாம். வெளியே போவது எங்கே போகிறதென்பது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும்.