கடுங்குளிரும் நம் உடலும்: இரண்டு பனிப்புயல்கள் தரும் பாடம்

2021ஆம் ஆண்டு பிப்ரவரி நடுவில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் அலை தாக்கியது. கோடை வெப்பத்திற்குப் பழகிய அம்மாநிலத்தில் பனி கொட்டியது. மின் நிலையங்களும் எரிவாயுக் குழாய்களும் உறைந்து முடங்கின. 45 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரத்தை இழந்தன. மாநில சுகாதாரத் துறை 246 மரணங்களை இப்புயலோடு தொடர்புபடுத்தியது. அவர்களுள் 161 பேர் குளிரின் நேரடித் தாக்கத்தாலும், 25 பேர் முன்பே இருந்த நோய் முற்றியதாலும், 19 பேர் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவாலும் உயிரிழந்தனர். எஞ்சியோரைச் சாலை விபத்தும் தீயும் வழுக்கி விழுதலும் பலிகொண்டன.

நம் நோயாளிகள் பலரின் பிள்ளைகள் குளிர்நாடுகளில் வாழ்கின்றனர். அவர்களைக் காண முதிய பெற்றோர் குளிர்காலத்திலும் பயணம் செய்கின்றனர். ஆகவே இந்த எண்களின் பின்னுள்ள காரணங்களை நாம் அறிந்துகொள்வது நன்று.

குளிர் உடலில் செய்வது என்ன?

குளிர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உள்ளுறுப்புகளின் வெப்பத்தைக் காக்க உடல் மேற்கொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் இதனால் இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயத்தின் வேலைப்பளு கூடுகிறது. குளிர்ந்த, உலர்ந்த காற்று மூச்சுக்குழாய்களைச் சுருக்குவதால் ஆஸ்துமா உள்ளோருக்கு மூச்சிரைப்பு மிகும்.

உடலின் உள்வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்வெப்பநிலை எனப்படும். முதலில் நடுக்கம் தோன்றும். பின்னர் பேச்சு குழறும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். குளிர் மேலும் முற்றினால் நடுக்கம் நின்றுவிடும். இதைத் தேறுதலின் அடையாளம் என்று எண்ணிவிடலாகாது. இதுவே பேராபத்தின் அறிகுறி. முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் தைராய்டு சுரப்பு குறைந்தோருக்கும் இந்நிலை விரைவில் வரக்கூடும். நரம்புத் தளர்ச்சியுள்ள நீரிழிவு நோயாளிகள், விரல்கள் உறைவதையே உணராமல் போகலாம்.

பனியை அள்ளுதல்

2022 டிசம்பர் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 132 சென்டிமீட்டர் பனி விழுந்தது. ஆம்புலன்சுகளே பனியில் சிக்கிக்கொண்டன. அங்கு இறந்தோருள் பனியை அள்ளும்போது இதயம் நின்றவர்களும் இருந்தனர். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கும் கடும் உழைப்பும், குளிரால் சுருங்கிய இரத்தக் குழாய்களும் ஒன்றுசேரும்போது நோயுற்ற இதயம் தாங்குவதில்லை. இதய நோயுள்ளோர் இவ்வேலையைப் பிறரிடம் விடுதலே முறை.

கண்ணுக்குத் தெரியாத நச்சு

மின்சாரம் நின்ற டெக்சாசில் சிலர் வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டினர். சிலர் மூடிய வாகனக் கொட்டிலில் காரை ஓடவிட்டனர். இவற்றிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே வேளையில் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே அனைவரும் வெளியேற வேண்டும். நம் மலைவாழிடங்களில் மூடிய அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காய்வோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

தாழ்வெப்பநிலை என ஐயம் எழுந்தால் மருத்துவ உதவியை அழையுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அழைப்பு எண் 911. நோயாளியை மெதுவாக உள்ளே கொணர்ந்து, ஈர உடைகளைக் களைந்து, மார்பு, கழுத்து, தலை ஆகியவற்றை முதலில் போர்த்துங்கள். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் வெதுவெதுப்பான பானம் கொடுக்கலாம். மது கூடாது, அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வெப்பத்தை வெளியேற்றிவிடும். உறைந்த விரல்களைத் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது.

பயணத்திற்கு முன்

டெக்சாசில் மின்சாரமும் நீரும் தடைப்பட்டதால் டயாலிசிஸ் மையங்கள் மூடப்பட்டன. நோயாளிகள் மருத்துவமனைகளை நாடி அலைய நேர்ந்தது. எனவே டயாலிசிஸ் செய்துகொள்வோரும் ஆக்சிஜன் கருவி பயன்படுத்துவோரும் மாற்று ஏற்பாட்டை முன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும். அன்றாட மருந்துகள் சில நாட்களுக்குக் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும். இன்சுலினை உடைக்குள் உடலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்; ஒருமுறை உறைந்த இன்சுலின் மீண்டும் உருகினாலும் பயன்படாது.

தனித்து வாழும் முதியோரைக் குளிர் அலையின்போது காலையும் மாலையும் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். குரலில் குழறலோ குழப்பமோ தெரிந்தால், அண்டை வீட்டாரை உடனே நேரில் சென்று பார்க்கச் சொல்லுங்கள்.