பாயிண்ட் மாற்றிய பின் அம்பாசடர் உதறினால்...

உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014ல் நின்றது. ஆயினும் அந்தப் பழைய பெட்ரோல் வண்டியைப் பேணி வைத்திருக்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. "பாயிண்ட், கண்டன்சர், பிளக் எல்லாம் புதிது, ஆனால் எஞ்சின் உதறுகிறதே!" என்று என்னிடம் கேட்பார்கள். உடனே கார்புரேட்டரைப் பிரித்துவிடாதீர்கள். திக்லிபூரில் ஒரு பாகம் உடைந்தால் 300 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, ஸ்ரீ விஜயபுரம் (முன்னாள் போர்ட் பிளேர்) வரை ஆள் அனுப்ப வேண்டும்.

ரயில்வேயில் நான் கடைப்பிடித்த விதி இது: வேலைக்குப் பிறகு வந்த குறையை, கடைசியாகக் கை பட்ட இடத்தில் முதலில் தேடு. 1489 சி.சி. எஞ்சினில் அந்த வரிசையைப் பார்ப்போம்.

முதலில் பிளக் வயர்கள். எரியும் வரிசை 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1. ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இரண்டு வயர்கள் இடம் மாறினால் இரண்டு சிலிண்டர் வேலை செய்யாது. கார்புரேட்டரிலோ சைலன்சரிலோ வெடிச் சத்தம் கேட்கும்.

இரண்டாவது, பாயிண்ட் இடைவெளி. முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ.

மூன்றாவது, டைமிங். இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். ஆகவே இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் இரட்டை வேலை. டைமிங் முந்தியிருந்தால் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் திருப்பி அடித்துக் கையை முறித்துவிடும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்தே பிடியுங்கள்.

நான்காவது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் செல்லும் மெல்லிய வயர். அதன் இன்சுலேட்டர் வாஷர் இடம் மாறினாலோ, வயர் தகட்டில் உரசினாலோ, வேகம் கூட்டும்போது மிஸ்ஸிங் வரும்.

ஐந்தாவது, கண்டன்சர். பாயிண்டில் பெரிய நீலப்பொறி பறந்து முனை விரைவில் கருகினால் அதுவே குற்றவாளி. புதியதும் பழுதாக இருக்கலாம். பழையதைப் பொருத்திப் பாருங்கள்.

கடைசியாக, மூடி. இரு பருவமழையும் பெய்யும் நம் தீவில் உள்ளே ஈரம் கோக்கும். துணியால் துடைத்து, உட்புறம் மயிரிழை போன்ற கருங்கோடு உள்ளதா என வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. வண்டி சீராக ஓடும் வரை பழைய பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள்.